வெங்காயத்துக்குள் லயம்

பதுளையிலிருந்து கொஸ்லந்த போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். இளையவளின் மடியில், வரிசை வீடுகளான லயத்தின் ஒழுகும் கூரைக்குப் போட வாங்கிய நீலப் பொலித்தீன் சுருள். ஹாலிஎல தாண்டியதும் அவள் சொன்னாள்:

“அக்கா, வெங்காயத்துக்குள்ள லயம் இருக்காம்.”

மூத்தவள் திரும்பினாள். “என்னா?”

“எங்க மக பாத்திருக்கா. பள்ளிக்கூடத்துல நுணுக்குக்காட்டின்னு ஒண்ணு இருக்காம். வெங்காயத் தோல வச்சு அதுல பாத்தா, நம்ம லயம் மாதிரியே வரிசையா காம்பராவாம், நடுவுல சுவராம்.”

“யாரு குடியிருக்கா அதுல?”

“தெரியலக்கா. ஒவ்வொண்ணுலயும் ஒரு புள்ளி தெரிஞ்சுச்சாம். அந்தக் காம்பராவுக்குத்தான் கலம்னு பேராம், இங்கிலீசுல செல்லாம். மொத மொதல்ல கண்டுபிடிச்ச வெள்ளக்காரனும் சின்னச் சின்ன ரூமுன்னுதான் சொன்னானாம்.”

“வெள்ளக்காரனா? இங்க லயத்தக் கட்டுனவனும் அவன்தானே. வெங்காயத்தையுமா விடல?”

“வெங்காயம் மட்டுமில்லக்கா. நம்ம ஒடம்பும் அப்படித்தானாம்.”

மூத்தவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நமக்குச் சரி. தோட்டத்துத் தொரைக்கு?”

“அவருக்கும்தானாம். டீச்சர்கிட்டயே கேட்டுட்டு வந்துட்டா.”

“அது எப்புடி? அவரு பங்களாவுல இருக்கவராச்சே.”

“அதான் எனக்கும் வெளங்கல.”

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை இழுத்து மூடினார்கள்.  பிறகு மூத்தவள் அந்த நீலச் சுருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“அப்ப அவருக்கும் ஒழுகுமா?”