கம்பவுண்டர் படிப்புக்குப் போனவள்

ஆம்பூரில் பாசஞ்சர் வண்டி கிளம்பியதும் எனக்கு எதிரே இருந்தவர் தன் மனைவியிடம் சொன்னார்: "அங்க கேட்டா, நான் செத்துட்டேன்னு சொல்லிடு."

தோல் மண்டியில் வேலை செய்பவர். கையெல்லாம் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் கறை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு மருந்து கலக்கும் கம்பவுண்டர் படிப்பாம். கல்யாணம் ஆகாதவர்களையும் விதவைகளையும்தான் சேர்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க செத்துட்டா ஃபீஸ் யாரு கட்டறது?"

"அண்ணன்னு சொல்லி நானே வந்து கட்டறேன்."

"மாசாமாசம் என் எதிர்ல அண்ணனாட்டம் நிப்பீங்களா?"

"நிப்பேன். அதுல இன்னா? நீ படிக்கணும்."

வண்டி குடியாத்தம் தாண்டியது. பிறகு, "உள்ளதையே சொல்லிடறேன். சேத்துக்கலன்னா ரெண்டு பேரும் திரும்பிடலாம்," என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் அதே வண்டியில் அவரை மட்டும் பார்த்தேன். மடியில் ஒரு துணிமூட்டை. எங்கே பயணம் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"வேலூருக்கு. என் சம்சாரம் அங்க கம்பவுண்டருக்குப் படிக்குது," என்றார், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.