அதிகம் கேட்டவை

கணினியில் பாட்டுக் கேட்க எந்த மென்பொருள் நல்லது என்று யாரிடம் கேட்டாலும், அவரவர் வைத்திருப்பதைத்தான் சொல்வார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, விக்டர். பொறுமையாக உட்கார்ந்து நான்கை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அண்ணிக்கு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன்.

நீங்கள் கேட்டது அதுவல்ல, தெரியும். கோப்புகள் கை தவறி அழிந்தனவா, வட்டு பழுதானதா என்று கேட்டீர்கள். அழிந்ததை மீட்டுத் தருவது உங்கள் தொழில், எப்படி அழிந்தது என்று தெரிந்தால்தானே வேலையைத் தொடங்க முடியும். சொல்கிறேன். வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பவன் அண்ணியின் தம்பி எர்னிஸ். கராகோலில் கிளம்பி இந்த பிஷ்கெக் வந்து சேரும்வரை என்னிடம் வாயே திறக்கவில்லை. கணினியைக்கூட என் மடியில் வைக்க விடவில்லை. அவன் இருக்கும்போது இதைச் சொல்ல முடியாது.

என் அண்ணன் ஜோல்தோஷ் அந்தச் சாலையில்தான் மினிபஸ் ஓட்டினான். வீட்டில் இருக்கும் நாட்களில் சமையலறையில் உட்கார்ந்து கோமுஸின் மூன்று நரம்புகளையும் மீட்டிக்கொண்டு சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுவான். மேடை ஏறியதில்லை, யாரிடமும் கற்றதும் இல்லை. ஆனால் அவன் பாடினால் எங்கள் அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். நானும் பாடுவேன், யாரும் இல்லாதபோது. அண்ணி ஜிபார் மடிக்கணினியை அடுப்புக்கு எதிரே திறந்து வைத்து அவன் பாடுவதையெல்லாம் பதிவு செய்வாள். முப்பது சொச்சம் பாட்டுகள் சேர்ந்தன. பிறகு ஒரு குளிர்காலத்தில் பூம் கணவாயில் பாறை சரிந்தது. வண்டி ஆற்றுக்குள் போயிற்று.

முற்றத்தில் கூடாரம் போட்டு அவனைக் கிடத்தினோம். அண்ணி உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடினாள். நான் வாசலில் தடியை ஊன்றிக் குனிந்து நின்று, வருகிறவர்கள் எல்லோரையும் அழுதுகொண்டே எதிர்கொண்டேன். அந்த அழுகையில் பொய் இல்லை. இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் எதை நம்பாமல் போனாலும் அதை நம்ப வேண்டும்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் அண்ணி அந்தப் பழைய கணினியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். வட்டு கறகறவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

“உஸ்தா, எல்லாத்தையும் புதுசுல ஏத்திக் குடு. ஒரு பாட்டு தொலைஞ்சாலும் உன்ன சும்மா விட மாட்டேன். அவரோட குரல் இதுல மட்டுந்தான் இருக்கு.”

மணமாகி வரும் பெண் கணவனின் தம்பிமாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள் அல்லவா, தானே ஒரு பெயர் வைப்பாள். வந்த வாரமே நான் அவளுடைய இஸ்திரிப் பெட்டியைப் பழுது பார்த்துக் கொடுத்ததால் எனக்கு உஸ்தா என்று வைத்தாள், கைத்தொழில்காரன் என்று. மக்சத் என்ற என் சொந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை.

நான்கையும் போட்டுப் பார்த்தேன். வினாம்ப் நம் பள்ளிக்கூட நாட்களின் பழக்கம், அதற்காகவே பிடிக்கும். ஃபூபார் வெள்ளைச் சுவர் மாதிரி, என்ன வேண்டுமோ நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். அண்ணிக்கு அது சரிவராது. எய்ம்ப்தான் இங்கே பாதிப் பேரிடம் இருக்கிறது, கையில் எடுத்தவுடன் பழகிவிடும். நான்காவதன் பெயர் இப்போது வேண்டாம். பாட்டுகளை நூலகம்போல அடுக்கிப் பேணுவதில் அது கெட்டி, அதையே போட்டேன். எந்தப் பாட்டு எப்போது சேர்ந்தது, எத்தனை முறை கேட்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதி வைக்கும். பழைய கணினியில் இருந்த எண்ணிக்கையையும் கொண்டுவந்து சேர்த்தேன். இன்னொன்றும் கவனித்தேன். ஒரு கோப்பை எடுத்துவிட்டு, அதே பெயரில், அதே இடத்தில் வேறொன்றை வைத்தால், அந்த எண்ணிக்கை அப்படியே புதியதற்கு வந்துவிடும். அப்போது அதை நான் ஒரு வசதியாக மட்டும்தான் குறித்துக்கொண்டேன்.

பாட்டுகளுக்குத் தலைப்பு கொடுத்தது அண்ணிதான். பாடியவர் என்ற கட்டத்தில் எல்லாப் பாட்டுக்கும் ‘அவர்’ என்று இருந்தது. கணவன் பெயரை வாயால் சொல்லாதவள் விரலால் மட்டும் எழுதுவாளா? பெயரைப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். “வேணாம், எனக்குத் தெரியாதா யாருன்னு?” என்றாள். அன்று அண்ணன் பெயரைப் போட அவள் விட்டிருந்தால் எனக்குத் துணிவு வந்திருக்காது என்று நினைக்கிறேன். முப்பது வரியிலும் அவன் பெயர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குப் போவேன். கரி அள்ளிப் போடுவேன், கணினியைச் சரிபார்ப்பேன். எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் வேறு எதையும் கேட்பதில்லை. அந்தக் காலமாக இருந்தால் அண்ணன் போனபின் அண்ணி தம்பிக்கு என்று பெரியவர்களே பேசி முடித்திருப்பார்கள். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு தப்பான பார்வைகூடப் பார்த்ததில்லை. இறந்தவன் நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும் வீட்டில் உயிரோடு இருக்கும் நான் கரி அள்ளிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

முதல் பாட்டைத் திருத்தத்தான் எடுத்தேன். இரைச்சல் அதிகம், நடுவே ஓர் இடத்தில் குரலே கேட்காது. அந்த ஒரு வரியை மட்டும் நான் பாடி ஒட்டினேன். போனில் எங்கள் இருவர் குரலையும் ஆட்கள் மாற்றி நினைத்துக்கொள்வது வழக்கம். ஒட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அண்ணி எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“என்ன பண்ணின உஸ்தா? பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்கு.”

“தூசி தட்டினேன் அண்ணி.”

அவள் சிரித்தாள். அவன் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அதை நான் கொடுத்தேன், அவன் இல்லை. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

பிறகு வாரம் ஒரு பாட்டு. நரம்பு மாற்றித் தருகிறேன் என்று அண்ணனின் கோமுஸை வாங்கி வந்தேன். அதே மாதிரி மடிக்கணினி, அதே மாதிரி அடுப்பு, கொதிக்கிற கெட்டில். நீளம்கூட நொடி பிசகாமல் பார்த்துக்கொண்டேன். பாடி முடித்ததும் நூலகத்தில் ஒரே பாட்டு இரண்டாக நிற்கும். தலைப்பும் ஒன்றே, பாடியவரும் ஒன்றே, நீளமும் ஒன்றே. இரட்டைப் பதிவு, எதை வைத்துக்கொள்ளட்டும் என்று மென்பொருள் கேட்கும். அதற்குக் குரல் தெரியாது. புதியதை என்று நான் பதில் சொன்னேன். யாரும் மீட்க முடியாதபடி அழித்த இடத்தின் மேல் சுழியங்களை எழுதினேன், பழைய வட்டிலும் எழுதினேன். நான் வேலையை அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

அவனிடம் முப்பது சொச்சம் பாட்டுதான் இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரப்போவதில்லை. நான் இருந்தால் வந்துகொண்டே இருக்கும் என்று நினைத்தேன். அதற்காகவே நானே ஒன்று கட்டிப் பாடி, அண்ணனின் பழைய போனில் கிடைத்தது என்று சேர்த்துவிட்டேன். அண்ணி கண்ணை மூடிக் கேட்டாள். “நல்லாருக்கு,” என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் எனக்கு வசப்படவில்லை. அதில் பாதியில் ஒரு மூடி கீழே விழும். அண்ணி ஐயோ என்பாள். அண்ணன் சிரித்துவிட்டு, “நீ அடுப்பப் பாரு, பாட்டு எங்கயும் போகாது,” என்று சொல்லித் தொடர்ந்து பாடுவான். பாட்டைப் பாடிவிடலாம், அந்தச் சிரிப்பை எங்கே போய் எடுப்பது? எத்தனையோ முறை சிரித்துப் பார்த்தேன். கடைசியில் அதை முழுக்க அழித்தேன். அண்ணி தேடினாள்.

“மூடி விழற பாட்டு ஒண்ணு இருந்துச்சே?”

“இல்லயே அண்ணி. அப்படி ஒண்ணு நான் ஏத்தவே இல்ல.”

“இருந்துச்சு உஸ்தா. அதுல என் குரலும் இருக்கும்.”

“அது நிஜத்துல நடந்திருக்கும். நீங்க பதிவுன்னு நெனச்சுக்கறீங்க.”

அவள் என்னை நம்பினாள். தன் நினைவைத்தான் நம்பாமல் போனாள். சாவியை எங்கே வைத்தேன், உப்பு போட்டேனா என்று எல்லாவற்றையும் என்னிடமே கேட்க ஆரம்பித்தாள். எர்னிஸ் அவளை நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனான். மாத்திரை கொடுத்தார்கள், பகலிலும் தூங்கினாள். பார்க்க வருத்தமாக இருந்தது. ஆனாலும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

வருட நினைவுக்குக் குதிரை அறுத்தோம். ஊரே வந்தது. சாப்பாடு முடிந்ததும் அண்ணி தானே எழுந்து ஒலிபெருக்கியில் கணினியை இணைத்து, அவர் பாடுறதக் கேளுங்க என்று போட்டுவிட்டாள். எனக்குப் பயம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. பெரியவர்கள் தலை குனிந்து கேட்டார்கள். சிலர் அழுதார்கள், விக்டர், என் குரலைக் கேட்டு. அம்மா என் பக்கத்தில் இருந்தாள். அவளுக்குக் கண் மங்கலாகிச் சில வருடங்கள் ஆகின்றன. பாட்டு பாதி போகும்போது தடவித் தடவி என் கையைப் பிடித்தாள்.

“அட என் சின்னவனே. நீயும் இவ்ளோ நல்லாப் பாடுவியா? எனக்குத் தெரியவே தெரியாதே.”

அவள் மெதுவாகப் பேசுகிறவள் இல்லை. அந்தப் பந்தி முழுக்க அது கேட்டது. பிறந்ததிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன், அது அன்றைக்குத்தான் வந்தது.

அண்ணி கூச்சல் போடவில்லை. பாட்டை நிறுத்தினாள். என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் எதிரே வந்து நின்றாள். அத்தனை மாற்றியிருக்கிறேன், அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அந்த மூடி விழற பாட்டு. இருந்துச்சு இல்ல?”

“இருந்துச்சு அண்ணி.”

“எங்க?”

கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். அதனால்தான் வந்திருக்கிறேன். நீங்கள் எவ்வளவு தோண்டினாலும் சுழியம்தான் வரும், அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் காத்திருக்கிறாள், எர்னிஸ் வெளியே காத்திருக்கிறான். எப்படியும் உங்களிடம் வந்தாக வேண்டியிருந்தது. முடியவில்லை என்று நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். கணினியைத் திறந்து, அதிகம் கேட்டவை என்ற வரிசையைப் பாருங்கள். மேலிருந்து கீழே வரை அத்தனையும் என் குரல். அவள் அடுப்படியில், தூங்கப் போகும்போது, அழும்போது கேட்டது என்னைத்தான். எண்ணிக்கை பொய் சொல்லாது. அண்ணன் பாடியதைக் கேட்ட கணக்கும் அதில் இருக்கிறதே என்பீர்கள். நான் கழித்துப் பார்க்கவில்லை. கடைசி வரியில் நானே கட்டிய பாட்டு இருக்கும், அதற்கு எதிரே, கேட்டது ஒரே ஒரு முறை என்று போட்டிருக்கும். அந்த இடத்தில் மட்டும் அது சரியாக எண்ணவில்லை.