புத்தகத்துல இல்லாத ரூம்

அந்த நாற்காலி வேணாம் தம்பி, கால் ஆடும். இப்படி ரூம் கதவுப் பக்கமா உக்காருங்க. என்ன, வீட்டுக்குள்ள செருப்பப் போட்டுக்கிட்டு நிக்கிறாளேன்னு பாக்குறீங்களா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். பொண்ணுக்கு முந்தாநாள் குழந்த பொறந்திருக்கு. இன்னும் போய்ப் பாக்கல. ஆமா, ரெண்டு தெரு தள்ளித்தான். இருங்க, சொல்றேன்.

சந்தேகப்பட்டா தப்பில்ல. மூணு வருஷமா நீங்க போன் பண்ணப்பல்லாம் பட்டுனு வெச்சவ, இன்னைக்கு நானே கூப்பிட்டிருக்கேனே. புத்தகத்தப் படிச்சேன். ரெண்டு தடவ. கோவமா, மொதல்ல வந்துச்சு. என் புருஷன ஆபீஸ் வாசல்ல கார்ல தள்ளிக்கிட்டுப் போனதுலேருந்து, பத்தொம்பதாம் நாள் கம்பெனி பணத்தக் குடுத்து மீட்டது வரைக்கும், பக்கத்துல நின்னு பாத்தாப்ல எழுதிட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாத மனுஷன் உங்ககிட்ட மட்டும் எப்படி... ஓ, ஜெயில்ல போய் கடத்தினவனுங்ககிட்டயே கேட்டீங்களா. அப்ப சரி.

ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. கடைசி அத்தியாயத்துக்கு விடுதலைன்னு பேரு வெச்சிருக்கீங்க பாருங்க.

வந்த மொத வாரம் மனுஷன் பெட்ல படுக்கவே இல்ல. பெட்டியெல்லாம் போட்டு வெக்கிற சின்ன ரூம் இது, ஜன்னல் கெடையாது. இதுக்குள்ள போய் சுருண்டுக்கிட்டாரு. நாலு நாள் இருக்கட்டும்னு விட்டேன். அப்புறம் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடுன்னாரு. போடலன்னா நடுங்குவாரு, சட்டையெல்லாம் வேர்த்துக் கொட்டும். போட்டேன் தம்பி. போட்ட அஞ்சாவது நிமிஷம் தூங்கிட்டாரு. எத்தன நாளைக்கப்புறம் தூங்குறாருன்னு எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு நான் போட்டிருக்கக் கூடாது.

ஆறு வருஷம் ஆச்சு. ஆயிரம் பேர வேல வாங்கின மனுஷன்.

டாக்டரா? நாலு பேரப் பாத்தாச்சு. மாத்திர குடுத்தாங்க, பொறுமையா இருங்கன்னாங்க. பொறுமையாத்தானே இருக்கேன்? தாழ்ப்பாளப் போட்டுட்டு வெளிய போகவும் முடியாது. தட்டினா பதில் குடுக்க ஆள் இருக்கணும், இல்லன்னா கதவுல முட்டிக்குவாரு. பொண்ணு கல்யாணத்தையே போன்லதான் பாத்தேன். யாரு யாரக் கடத்தினாங்கன்னு சில நாள் எனக்கே கொழம்பிடும்.

சிரிங்க, பரவால்ல.

நர்ஸ் வெச்சுப் பாத்தேன், மாடிப்படி எறங்கறதுக்குள்ள சத்தம். தட்டினாருன்னு அந்த நர்ஸ் பொண்ணு சட்டுனு கதவத் தொறந்து, என்ன சார் வேணும்னு கேட்டிருக்கு. அவ்வளவுதான், நெத்திய சொவத்துல மோதிக்கிட்டாரு. ஏழு தையல். எதுக்கு இப்படிப் பண்றாருன்னு எனக்கும் அப்பத் தெரியாது. உங்க புத்தகம் வந்தப்புறம்தான் வெளங்குச்சு. காவல் இருந்தவன், என் மொகத்தப் பாத்தா கொன்னுடுவேன்னு சொல்லி வெச்சிருந்தான்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதப் படிச்சுட்டு அன்னைக்குப் பூரா அழுதேன்.

அய்யோ, எந்திரிக்காதீங்க தம்பி. ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம். குழந்தையக் கையில ஒரு தடவ வாங்கிட்டு ஓடி வந்துடறேன். பொண்ணு நேத்துலேருந்து எங்கூடப் பேசவே மாட்டேங்குறா. வேற யார நான் கூப்பிடுவேன், சொல்லுங்க? அவர அடைச்சு வெச்சிருந்த அந்த ரூம்ல என்ன நடந்துச்சுன்னு இந்த ஊர்ல என்ன விட்டா உங்களுக்குத்தான் தெரியும்.

ரெண்டு தட்டு தட்டினா தண்ணி. மூணு தட்டினா பாத்ரூம். ஒடனே தொறந்துடாதீங்க. வெளிய நின்னு ம்னு மட்டும் சொல்லுங்க. உள்ள காலத் தேய்ச்சுத் திரும்புற சத்தம் கேக்கும், சொவத்தப் பாத்து நின்னுக்குவாரு. அதுக்கப்புறம் தொறங்க. பேச்சே குடுக்காதீங்க.

அண்ணேன்னு கூப்பிடுவாரு. திடுக்குனு ஆயிடாதீங்க, என்னையும் அப்படித்தான் கூப்பிடறாரு.