வலது பக்கச் சக்கரம்

— அந்த பிரேக் காலிப்பரைக் கையை விட்டுத் தொங்கவிடாத மாப்ளே. ஆயில் போற ஓஸ் தாங்காது. கம்பி எடுத்து மேல ஸ்பிரிங்ல சேத்துக் கட்டு.

— ஓஸ் இருந்தா என்ன, அறுந்தா என்ன அத்தான்? நாளைக்குக் காலையில பழைய இரும்புக்காரன் வந்து காரை மொத்தமா அள்ளிட்டுப் போகப்போறான்.

— கட்டு. நம்ம அவசரத்துல எதையாவது பிச்சுட்டு, அப்புறம் எது முன்னாடியே கெட்டது, எது நம்ம கெடுத்ததுன்னு தெரியாம முழிக்கக் கூடாது.

— சரி, கட்டியாச்சு. நான் சைக்கிள் செயினுக்கு மேல கை வச்சதில்ல, பாத்துச் சொல்லுங்க. இதுல எது பிஸ்டன்?

— அந்தக் காலிப்பர் கூட்டுக்குள்ள கிண்ணத்தைக் கவுத்த மாதிரி தெரியுதுல்ல, அதுதான். பெடலை மிதிச்சா ஆயில் வந்து அதை வெளிய தள்ளும். அது இந்தப் பேடு கட்டையைத் தள்ளும். பேடு போய் சக்கரத்துத் தட்டைக் கவ்விப் பிடிக்கும். வண்டி நிக்கும். அவ்வளவுதான்.

— கேக்க லேசாத்தான் இருக்கு.

— லேசுதான். அதான் அன்னைக்கு வீட்டுலயே பாத்துக்கலாம்னு உக்காந்தேன். புதுப் பேடு போடணும்னா, வெளிய வந்து நிக்கற பிஸ்டனை மொதல்ல உள்ள தள்ளணும். இடது பக்கம் சொன்ன பேச்சு கேட்டுச்சு. இந்த வலது பக்கம் முரண்டு பிடிச்சுது. பழைய பேடை மேல வச்சு, கிளாம்ப் போட்டு முறுக்கித்தான் உள்ள அனுப்பினேன். அப்பவே கழட்டி உள்ள துரு இருக்கான்னு பாத்திருக்கணும். போயிடுச்சுல்ல, போதும்னு மூடிட்டேன். மூடி, சாவியையும் பையன் கையில கொடுத்தேன்.

— அக்கா காதுல விழப்போகுது.

— அவகிட்ட நானே சொல்லிட்டேன். பிள்ளையை எடுத்துட்டுப் போன அன்னைக்கே சொன்னேன். அன்னைக்கு மூடின வாய், இன்னும் என்கிட்ட திறக்கல.

— உங்களை யாரு போய் தலையைக் கொடுக்கச் சொன்னது? ஸ்டேஷன்ல என்ன எழுதினான்? பிரேக் பிடிக்காம இருந்திருக்கலாம்னுதான். இருந்திருக்கலாம். ரோட்டுல டயர் தேய்ச்ச தடம் இல்லைன்னு ஒரு குத்துமதிப்பு. அதுக்குள்ள நீங்களா தீர்ப்பு எழுதிக்கிட்டீங்க.

— வலது பக்கம் பிடிக்கலைன்னா வண்டி இடது பக்கம் இழுக்கும் மாப்ளே. அவன் போய் மோதின பாலத்துச் சுவரு எந்தப் பக்கம் இருக்கு?

— இடது பக்கம்.

— ம்.

— தம்பி. தண்ணி கொண்டாந்திருக்கேன், வாங்கிக்க.

— ஏன்க்கா வெயில்ல வர? உள்ள இரு. நான் வந்து எடுத்துக்க மாட்டேனா?

— உங்க அத்தான் என்ன தேடறாராம்? பிள்ளையைக் கொன்ன வண்டிக்கு இப்ப வைத்தியம் பாக்கறாராமா?

— அக்கா, போதும்.

— கேளுடா. ஊருல மெக்கானிக்கே இல்லாத மாதிரி எல்லாத்தையும் நானே செய்வேன்னு நின்னாரே. அந்தக் கை இப்ப எதைத் துழாவுதுன்னு கேளு.

— அதுக்குப் பதில்தான் தேடிட்டு இருக்கேன்னு சொல்லு மாப்ளே.

— கிடைச்சா எனக்கும் சொல்லச் சொல்லு. நான் அடுப்படியிலதான் இருக்கேன்.

— அக்கா போயிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க அத்தான். அது வயித்தெரிச்சல்ல பேசுது.

— பேசட்டும். திட்டறதுக்கு ஒரு ஆளு இருக்கறதாலதான் அவ ரெண்டு வாய் சோறாவது திங்கறா.

— நான் சொல்றேன் பாருங்க, இந்தப் பிஸ்டன் வெண்ணெயில கத்தி போற மாதிரி உள்ள போகப்போகுது. அத்தான் மேல பழியில்லைன்னு அக்கா மூஞ்சிக்கு நேரா நான் சொல்லத்தான் போறேன். அதுக்குத்தான் லீவு போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன்.

— மொதல்ல அந்த ஆயில் டப்பா மூடியைத் திற. பிஸ்டன் உள்ள போனா ஆயில் திரும்பி மேல ஏறும். அதுக்கு இடம் வேணும்.

— பானெட்டு வளைஞ்சு கிடக்கு. இருங்க, கை போகுது. திறந்துட்டேன். ஆயில் கொஞ்சமும் குறையல அத்தான். எங்கேயும் ஒழுகின மாதிரியும் இல்ல. பெடலும் கெட்டியாத்தான் இருக்கு, வந்ததுமே கையால அழுத்திப் பாத்தேன்.

— அப்ப மிச்சம் இந்தப் பிஸ்டன் ஒண்ணுதான். இறுகி நின்னா பிரேக் பிடிச்சிருக்காது, லேசா உள்ள போனா பிடிச்சிருக்கும்.

— இந்தாங்க கிளாம்ப்.

— நீயே முறுக்கு. பழைய பேடை மேல வை. இன்னும் நேரா. கோணலா தள்ளினா சாய்ஞ்சு மாட்டிக்கும். ம், இப்ப மெதுவா.

— அத்தான்.

— என்ன, நகரலையா?

— நகருது. வழுக்கிட்டுப் போகுது. இதுக்குக் கிளாம்பே வேண்டாம் போல.

— கிளாம்பை எடு. கட்டைவிரலை வச்சுத் தள்ளு.

— தள்ளினேன். போயிடுச்சு. டப்பாவுல ஆயில் ஏறி நிக்குது பாருங்க.

— ரப்பர் கிழிஞ்சிருக்கா?

— இல்ல.

— ஓரத்துல துரு?

— துருவா? பளபளன்னு இருக்கு. அன்னைக்குக் கொஞ்சம் அழுக்கு அடைச்சிருக்கும், வேற ஒண்ணுமில்ல. நான்தான் சொன்னேனே அத்தான். உங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல. பிரேக் நல்லாத்தான் இருந்திருக்கு. அக்கா, இங்க வா, அக்கா...

— கூப்பிடாத.

— ஏன்? இத்தனை நாளா நெஞ்சுல கல்லைச் சுமந்துட்டுத் திரிஞ்சீங்க. இறக்கி வைக்கற நேரத்துல...

— பிரேக் நல்லா இருந்திருக்கு. நீதான சொன்ன?

— ஆமா.

— நேரான ரோடு. பட்டப்பகல். பாலம் தூரத்துலயே கண்ணுக்குத் தெரியும். டயர் தேய்ச்ச தடம் இல்ல.

— அதுக்கு என்ன இப்ப?

— பிரேக் நல்லா இருந்துச்சுன்னா, அவன் மிதிக்கல மாப்ளே.

— கண்ணசந்திருப்பான். இல்ல, போனை நோண்டிட்டே போயிருப்பான்.

— போனை அணைச்சு தலையணைக்கு அடியில வச்சிட்டுப் போனான். அது இல்லாம அவன் குளிக்கக்கூடப் போனதில்ல.

— மறந்திருப்பான் அத்தான்.

— வேலை போனதுலேருந்து அந்த ரூமை விட்டு வெளிய வராதவன், அன்னைக்குச் சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வச்சான். அம்மா பக்கத்துல நின்னு, கால் வலி எப்படிம்மா இருக்குன்னு கேட்டான். அவ பூரிச்சுப் போயிட்டா. பையன் தேறிட்டாங்கன்னு ஓடி வந்து என்கிட்ட சொன்னா. நானும் நம்பினேன். கொஞ்சம் காத்தாட ஓட்டிட்டு வாடான்னு சொன்னேன்.

— நம்ம வாலுப்பயல் அப்படிச் செய்யற பிள்ளை இல்ல அத்தான். தோள்ல தூக்கி வளத்தவன் நான். எனக்குத் தெரியாதா?

— எனக்கும் தெரியும்னுதான் நினைச்சேன். அந்தச் சுத்தியலை எடு.

— எதுக்கு?

— பிஸ்டனைக் கோணலா அடிச்சு இறுக்கப்போறேன். யாரு வந்து தள்ளினாலும் இனிமே நகரக்கூடாது.

— புத்தி பிசகிடுச்சா உங்களுக்கு? பழி மொத்தமும் உங்க தலையில விடியும். அக்கா காலத்துக்கும் உங்க முகத்துல முழிக்காது.

— முழிக்க வேண்டாம். என்னைக் கரிச்சுக்கொட்டியே அவ நாளை ஓட்டிடுவா. இது தெரிஞ்சா யாரைத் திட்டுவா சொல்லு. பெத்தவளுக்குத் தெரியாமப் போச்சேன்னு தன்னையே அரிச்சுத் தின்னுடுவா. காலிப்பரைத் தூக்கிப் பிடி.

— என்னால முடியாது அத்தான்.

— அவ உனக்கு அக்கா. பிடி.

— பிடிச்சிருக்கேன். சீக்கிரம் அடிங்க. அடிச்சது போதும் அத்தான், சாய்ஞ்சு நல்லா மாட்டிக்கிச்சு.

— என்னடா சத்தம் இது? அப்ப கூப்பிட்டியே, என்ன?

— ஒண்ணுமில்லக்கா.

— உங்க அத்தான் தேடினது கிடைச்சுதாமா?

— கிடைச்சிடுச்சுன்னு சொல்லு மாப்ளே.

— அக்கா, இந்தப் பிஸ்டன் இறுகிக் கிடக்கு. தள்ளினா அசைய மாட்டேங்குது.

— அப்படின்னா?

— வலது பக்கம் பிரேக்கே பிடிச்சிருக்காது. வண்டி இழுத்துட்டுப் போயிருக்கும்.

— கீழ பாத்துச் சொல்லாத. என்னைப் பாத்துச் சொல்லு.

— பிடிச்சிருக்காதுக்கா. அத்தான் செஞ்ச வேலையாலதான்.

— ஏங்க.

— என்னையா கூப்பிட்ட?

— உங்களைத்தான். இவன் சொல்றது நிஜமா?

— நிஜம்தான். நீயே வேணும்னாலும் கை வச்சுத் தள்ளிப் பாரு. என் தப்பு. நான் ஒழுங்கா பாத்திருந்தா அவன் இருந்திருப்பான்.

— அப்ப அவன் மிதிச்சிருக்கானா?

— மிதிச்சிருக்கான். உசிரைப் பிடிச்சுக்கிட்டு மிதிச்சிருக்கான். வண்டிதான் நிக்கல.

— அது போதுங்க எனக்கு. உங்க தப்பாவே இருந்துடணும்னு நான் வேண்டிக்காத நாள் இல்ல.