காட்டுப் பக்கம் திரும்பிய பாட்டுப் பெட்டி

ஹலோ... ஹலோ... ஆரு?... ஒண்டும் கேக்குதில்ல, பாட்டுச் சத்தம்... இரிங்க, வேனுக்குள்ள ஏறுறன்... ம், இப்ப கதையுங்க.

ஓம், பஸால்தான். குளக்கட்டுல சுற்றுலா விழா நடத்துற பஸால்... ஆ, நிலாந்தினித் தங்கச்சியா? அமிர்தலிங்கம் அண்ணன்ட மகள்... ஓம் ஓம், சொல்லுங்க... என்ன? யானையா? இந்தப் பட்டப்பகல்லயா?... யா அல்லாஹ்... அப்பா எங்க?... வயலுக்குள்ளயா? ஃபோன் எடுக்கல்லயா?

...ஓம். ஓம் தங்கச்சி, அப்பா சொன்னாருதான். பகல்ல அதுகள் வயலுக்கு அங்கால இரிக்கிற காட்டுப் பத்தைக்குள்ளதான் படுத்திரிக்கும், பாட்டுப் பொட்டிய அங்கால திருப்பிராதீங்க தம்பி எண்டு நேத்து என்ட கையப் புடிச்சிச் சொன்னாரு. நானும் சரியெண்டன்... இல்ல, மறக்கல்ல. மறந்திட்டன் எண்டு சொன்னாப் பொய். சாப்பாட்டுக் கொட்டிலுக்குள்ள இருந்த ஆக்கள் காது வெடிக்கிது எண்டாங்க... நான்தான் திருப்பச் சொன்னன்.

இரிங்க, வெச்சிராதீங்க. ஜுனைட்! டேய் ஜுனைட்! பாட்ட நிப்பாட்டு! கொறைக்கிறதில்லடா, முழுசா நிப்பாட்டு! மைக்கில யானையெண்டு வாய் தெறந்திராத, சனம் ஃபோனத் தூக்கிட்டுப் பாக்க ஓடும். ஜெனரேட்டர் பழுது, எல்லாரும் புள்ளைகளோட வாகனத்துல ஏறுங்க எண்டு சொல்லு!

தங்கச்சி, இரிக்கீங்களா?... ஓம், நிப்பாட்டிட்டம். சனம் ஏறுது... இப்ப என்ன செய்யிதுகள்?... நிக்கிதா?... நீங்க ரோட்டுலயே நில்லுங்க, எறங்கிராதீங்க... என்ன, திரும்புதா?... பத்தைக்குள்ளயா? எல்லாமா?... அல்ஹம்துலில்லாஹ். அப்பாவக் கூப்பிட்டுப் பாருங்க... இன்னொருக்காக் கூப்பிடுங்க...

ஆ... கண்டிட்டீங்களா? அவரு கதைக்காரா?... காவல் பரண யானை தள்ளிட்டுதா... காலா?... அப்பிடியே தூக்காதீங்க, பலகையில வெச்சித் தூக்கச் சொல்லுங்க. வேன அனுப்புறன், நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க... வேளாண்மை?... நெல்லு முழுக்கவா?... கதிர் வந்த வேளாண்மை...

தங்கச்சி, ஒண்டு கேக்கன். யானை வெரட்டுற வெடி அவருக்கிட்ட இரிக்குமே. ஏன் ஒண்டாவது கொளுத்திப் போடல்ல?... கையிலதான் இருந்ததா? அப்ப ஏன்...

...என்ன சொன்னாரு?... திரும்பச் சொல்லுங்க... வெடிச்சா அதுகள் குளத்துப் பக்கம் பாயும், அங்க புள்ளைகள் வெளையாடுதுகள் எண்டா...



நான் இப்பவே வாறன் தங்கச்சி... வர வேணாமா?... ஓம். ஓம், நான் வந்து என்னத்த... சரி, வரல்ல. அண்ணன்ட காதுல ஃபோன வைங்க, ஒரு வார்த்த மட்டும்... அவரு என்ன கேக்காரு?... எங்கட ஆக்களுக்கு ஏதும் ஆச்சா எண்டா?

இல்லயெண்டு சொல்லுங்க. இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல... ஒரு புள்ளைக்கும் ஒண்டுமில்லயெண்டு... ஹலோ?... தங்கச்சி?... ஹலோ...