சோளச் சாராயம்

— சிரிக்காத ஆர்லன். நான் வெளையாட்டுக்குச் சொல்லல. இன்னிக்கு இந்த ப்ளேன் கொட்டகையை விட்டு வெளிய வரக் கூடாது.

— வெளையாட்டுக்குச் சொல்லலன்னு தெரியுதுடா வெண்டல். அதான் சிரிப்பு வருது. லவோனை ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போக மழை, காத்து, ஆஸ்பத்திரி, ஊசின்னு ஒவ்வொண்ணா தாண்டி வந்தாச்சு. இன்னிக்குத்தான் வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. இன்னிக்குப் பாத்து நீ ஒரு பாட்டிலைத் தூக்கிக்கிட்டு எமன் மாதிரி வந்து நிக்கற.

— முதல்ல பாட்டிலைப் பாரு.

— பாத்தேன்.

— பாக்கல. என் மூஞ்சியைத்தான் பாத்த. வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. பேனாவால கோடு போட்டிருக்கேன்ல, அது வரைக்கும்தான் தண்ணி ஊத்தினேன். அதுக்கு மேல உன் இடது றெக்கை டேங்க்ல இருந்து வடிச்ச பெட்ரோல். நல்லா குலுக்கி வெச்சேன். இப்ப தண்ணி எங்க நிக்குது?

— கோட்டுக்கு மேல.

— தண்ணி தானா கூடுமாடா? பெட்ரோல்ல கலக்கறானே எத்தனால்னு ஒரு சாராயம், அதுதான் கீழ எறங்கி தண்ணியோட சேந்துக்கிச்சு. இதை உனக்கு நான் சொல்லணுமா? நம்ம கிளப்புல புதுசா ப்ளேன் கட்ட வர்றவனுக்கெல்லாம் நீதான் செஞ்சு காட்டுவ.

— இதெல்லாம் எப்ப செஞ்ச? நான் லவோனுக்கு மாத்திரை குடுக்க வீட்டுக்குள்ள போன நேரத்துலயா?

— ஆமா. சும்மா நிக்கறதுக்கு வடிச்சுப் பாப்போம்னு பாத்தேன்.

— உனக்கு எப்பவும் கை சும்மா இருக்காது. அதெல்லாம் சரி. சாராயம் கலந்திருந்தா இப்ப என்ன? ஊர்ல ஓடற கார் பூரா அதுலதான் ஓடுது. நீ வந்த வண்டியும் அதுலதான் ஓடுது.

— என் வண்டி நின்னுபோனா எறங்கி ரோட்டோரமா தள்ளிட்டுப் போவேன். நீ எங்க எறங்கித் தள்ளுவ?

— பாடம் எடுக்காத.

— பாடம் எடுக்கல. நானும் என் ப்ளேனுக்குக் கார் பெட்ரோல்தான் போடறேன். ஏர்போர்ட்டுல ப்ளேன் பெட்ரோல்னு விக்கறான் பாரு ஒரு விலைக்கு, அதை வாங்கிப் போட்டா நாம பறந்த மாதிரிதான். ஆனா நம்ம கூட்டுறவு பங்க்ல, படகுக்குப் போடறதுக்குன்னு கலப்பில்லாம தனிக் குழாய் வெச்சிருக்கான்ல, அங்கதானே எல்லாரும் வாங்கறோம். நீயும் அங்கதானே வாங்குவ? இது எங்க பிடிச்ச?

— ராச்செஸ்டர் ஆஸ்பத்திரியில இருந்து வர்ற வழியில. வண்டியில காலி கேன் கெடந்துது. ஹைவே பக்கம் ஒரு பங்க்ல நிறுத்தி நெரப்பிக்கிட்டேன்.

— எந்தக் குழாயில?

— ஞாபகம் இல்ல.

— நீயாடா? ஒரு போல்ட்டை மாட்டினா அதை மூணு தடவை தொட்டுப் பாக்கறவன் நீ. ஞாபகம் இல்லையா?

— அன்னிக்குத்தான் டாக்டர், இனிமே கூட்டிட்டு வர வேண்டாம், வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கங்கன்னார். லவோன் வண்டியில கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா. நான் எதைப் பிடிச்சேன், எதை ஊத்தினேன், எனக்குத் தெரியாது வெண்டல். காசு குடுத்தேனாங்கறதே சந்தேகம்.

— அப்புறம் இங்க வந்து பாட்டில்ல போட்டுப் பாக்கலையா?

— பாக்கல.

— ம். உன் வயல் சோளத்தை ஆலைக்காரனுக்கு வித்த. அவன் அதைச் சாராயமா காய்ச்சி உன் டேங்க்குக்கே திருப்பி அனுப்பிட்டான்.

— இப்ப யாரு சிரிக்கறது?

— சிரிக்கல. வயிறு எரியுது. பாட்டில் அடியில பாரு, ஆர்லன். என்னது அது?

— தூசி.

— தூசியா? விரல்ல எடுத்து நசுக்கிப் பாரு. தோல்டா. பால் காய்ச்சினா மேல ஆடை கட்டுமே, அந்த மாதிரி. டேங்க்ல ரிவெட் ஓரமா கசியுதுன்னு உள்பக்கம் ஒரு பூச்சு ஊத்தி உருட்டி விட்டியே, அதுதான். பெட்ரோல் பட்டா ஒண்ணும் ஆகாது. சாராயம் பட்டா ஊறிப்போய் உரிஞ்சுக்கிட்டு வரும்.

— நேத்து தூசி இருக்கான்னு வடிச்சுப் பாத்தேன். சுத்தமாத்தான் இருந்துது.

— இப்ப வடிச்சாலும் சுத்தமா வரும். ஒரு தடவை வரும், ஒரு தடவை வராது. பாதி உரிஞ்சு உள்ள தொங்கிக்கிட்டு இருக்கும். எஞ்சின் முழு மூச்சா இழுக்கும்போதுதான் பிச்சுக்கிட்டு வந்து குழாய் வாயை அடைக்கும். வாய் அடைச்சா பெட்ரோல் இல்ல, பெட்ரோல் இல்லன்னா எஞ்சின் இல்ல. அந்த நேரத்துல உனக்குக் கீழ என்ன இருக்கும்?

— மரம்.

— மரம் தாண்டினா?

— ஏரி. விடுறா, எனக்குத் தெரியாதா? வலது டேங்க்ல போகட்டுமே.

— அதுக்கும் அதே கேன்ல இருந்துதானே ஊத்தின?

— எல்லாத்தையும் வடிச்சு எறிஞ்சுட்டு, கூட்டுறவு பங்க்ல இருந்து புதுசா வாங்கிட்டு வந்து ஊத்தினா?

— உரிஞ்ச தோல் திரும்ப ஒட்டிக்குமா? றெக்கையைக் கழட்டணும். டேங்கை வெட்டித் திறக்கணும். சொரண்டணும், கழுவணும், திரும்ப அடைக்கணும். நான் வர்றேன், கிளப்புல எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். அப்பவும் பனி உருகற காலம் ஆயிடும்.

— பனி விழறதையே அவ பாப்பாளான்னு தெரியல. நீ உருகறதைப் பத்திப் பேசற.

— தெரியும்டா.

— தெரிஞ்சுமா சொல்ற?

— தெரிஞ்சதாலதான் சொல்றேன். இந்தா, என் ப்ளேன் சாவி. லவோனை அதுல கூட்டிட்டுப் போ. நான் வேணா கூட வரேன், வேண்டாம்னா வீட்டுலயே கெடக்கேன்.

— உன்னோடது வேண்டாம்.

— வீம்பு பிடிக்காத.

— வீம்பு இல்ல. உன்னோடது கடையில வாங்கினது. இது அவகிட்ட இருந்து திருடினது. எங்க சின்னவன் அம்மை போட்டுக் கெடந்தப்ப நான் இங்க ரிவெட் அடிச்சுக்கிட்டு இருந்தேன். அவ அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கும், கோட்டைக் கழட்டி மாட்டிட்டு நேரா இங்கதான் வந்தேன். ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. காபியைக் கொண்டுவந்து அந்த பெஞ்சு மேல வெச்சுட்டுப் போவா, அவ்வளவுதான். அவளுக்குன்னு சேர வேண்டிய சாயங்காலம் பூரா இந்தத் தகரத்துக்குள்ள இருக்குடா. எல்லாரையும் ஏத்தியாச்சு. உன்னை ஏத்தினேன், பாதிரியாரை ஏத்தினேன், மாட்டு டாக்டரைக்கூட ஏத்தினேன். அவளை மட்டும் ஏத்தல. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஏதாவது வேலை வந்துடும். ஊறுகா போடணும்பா, சர்ச்சுல கூட்டம்பா. இப்பதான் ஒரு வேலையும் இல்லாம படுத்திருக்கா.

— புரியுது ஆர்லன்.

— உனக்குப் புரியாது. காலையிலயே தலையில நல்ல துணியாப் பாத்துக் கட்டிக்கிட்டா. கட்டிலை ஜன்னலோரமா தள்ளிப் போடச் சொன்னா. சீட்டுல வைக்க ரெண்டு தலகாணி எடுத்து வெச்சிருக்கேன், முதுகு வலிக்காம இருக்க. நான் இப்ப உள்ள போய் என்னன்னு சொல்லுவேன்?

— நான் சொன்னேன்னு சொல்லு. வெண்டல் ஒரு தொடைநடுங்கி, ஊருக்கு முன்னாடி குறை கண்டுபிடிக்கறவன்னு சொல்லு. பழியைத் தூக்கி என் தலையில போடு.

— போடத்தான் போறேன்.

— போடு. ஆனா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லு. அவளை இதுல ஏத்த மாட்டேன்னு.

— தள்ளு. அந்த ஸ்பேனரை எடுக்கணும்.

— ஆர்லன்.

— ஏத்த மாட்டேன். போதுமா? கெளம்பு. இங்க நிக்காத, என் கையில ஸ்பேனர் இருக்கு.

*

— வெண்டல்? நான் லவோன் பேசறேன். அது என்ன அங்க இரைச்சல்?

— வீட்டு வாசல்ல நிக்கறேன்மா. பக்கத்து வயல்ல அறுப்பு மெஷின் ஓடுது. உன் பக்கமும் ஏதோ சத்தமா இருக்கே.

— ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன். அதை அப்புறம் சொல்றேன். முதல்ல உங்களுக்கு ஒரு முத்தம். போன்லயே வாங்கிக்குங்க. ஐயோ, என்னமா நடிச்சீங்க!

— லவோன், அந்த விஷயத்துல நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்...

— இருங்க, இருங்க. என்னைச் சொல்லி முடிக்க விடுங்க. எனக்கு மூச்சு வாங்குது. நடுவுல நின்னா திரும்ப ஆரம்பிக்கத் தெம்பு இருக்காது. போன வாரம் ஆப்பிள் பை எடுத்துட்டு வந்தீங்களே, அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன்ல? எதையாவது குறை கண்டுபிடிச்சு என்னை அந்த ஏரோப்ளேன்ல ஏத்தாம காப்பாத்துங்கன்னு. ஆர்லன்கிட்ட இதுவரைக்கும் நான் பொய் சொன்னதில்ல, இப்பவும் சொல்ல மாட்டேன்னு மொறைப்பா போயிட்டீங்க. இன்னிக்கு என்னடான்னா சாராயங்கறீங்க, தோலுங்கறீங்க, பாட்டிலைக் காட்டறீங்க! நானா இருந்தா ‘காத்து சரியில்ல’ன்னு சொல்லிட்டு ஓடிப்போயிருப்பேன்.

— லவோன், கொஞ்சம் கேளும்மா...

— எனக்குப் பரண்ல ஏறினாலே கால் நடுங்கும் வெண்டல். அந்த மனுஷன்கிட்ட அதை எப்படிச் சொல்ல? முதல் ரிவெட் அடிக்கும்போதே ‘இது உனக்குத்தான்’னு சொன்னார். அப்பவே சொல்லியிருக்கணும். விட்டுட்டேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்கு. இப்ப சாக்கெல்லாம் தீந்துபோச்சு. சாகக் கெடக்கறவ என்ன வேலை இருக்குன்னு சொல்லுவா, நீங்களே சொல்லுங்க.

— ஆர்லன் எங்க? ரொம்பக் கோவமா இருக்கானா?

— கோவப்பட்டிருந்தாத்தான் நல்லா இருந்திருக்குமே. உள்ள வந்தார். கட்டில் காலடியில உக்காந்தார். தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு அழுதார் வெண்டல். ஆர்லன் அழுது நான் பாத்ததே இல்ல. அவங்க அப்பாவைப் புதைச்சப்பகூட மண்ணைத் தள்ளிட்டு நேரா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவர். ‘உனக்குன்னு ஒண்ணே ஒண்ணு செஞ்சேன், அதையும் என் கையாலயே கெடுத்துட்டேன்’னு சொல்லிச் சொல்லி அழறார். நான் சும்மா படுத்திருக்கவா? நாளைக்கு நான் போயிடுவேன். அதுக்கப்புறம் இந்தப் பொய்யை வெச்சுக்கிட்டு அவர் இந்த வீட்டுல தனியா உக்காந்து அழணுமா? மனசு கேக்கல. சொல்லிட்டேன்.

— என்ன சொல்லிட்ட?

— உள்ளதைச் சொல்லிட்டேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளி, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல, வெண்டல் சொன்னதெல்லாம் நான் சொல்லச் சொன்னதுன்னு. டேங்க் நல்லாத்தான் இருக்குன்னு.

— லவோன்!

— கத்தாதீங்க, உங்களை ஒண்ணும் சொல்லல. தொப்பியை எடுத்துத் தலையில வெச்சார். அப்புறம் சிரிச்சார் பாருங்க, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு! ‘படுபாவிப் பய, எங்கேயோ சொரண்டின பெயின்ட்டைப் பாட்டில்ல போட்டு என்னையே ஏமாத்திட்டானே’ன்னார். எனக்கும் சிரிப்பு. சிரிச்சா விலா எலும்பெல்லாம் வலிக்குது, இருந்தும் சிரிச்சேன். எத்தனை மாசம் ஆச்சு, நாங்க ரெண்டு பேரும் சேந்து சிரிச்சு. அப்புறம் போய் அவரே ஒரு தடவை வடிச்சுப் பாத்தாராம். பளிங்கு மாதிரி இருந்துதாம்.

— அவனைக் கூப்பிடு. இப்பவே கூப்பிடு. போனை அவன்கிட்ட குடு.

— எப்படிக் குடுக்கறது? ‘நீ ஏற வேண்டாம், படுத்த எடத்துல இருந்தே பாரு, உனக்கு ஒரு வேடிக்கை காட்டறேன்’னு சொல்லிட்டுச் சின்னப் பையன் மாதிரி ஓடினார். உங்களுக்குக் கேக்கலையா? இருங்க, போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டறேன்.

— லவோன்! போனைக் காதுல வை! லவோன்!

— மரத்தைத் தாண்டிட்டார்! வெண்டல், றெக்கையை ஆட்டறார், எனக்கு! நானும் கையை ஆட்டறேன், தெரியுமா அவருக்கு? ஐயோ, எவ்வளவு சின்னதாத் தெரியுது. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் வெளிய வந்து நின்னு பாத்ததில்ல. பாத்திருக்கணும் வெண்டல். பாத்திருக்கலாம். ஏரி மேல திரும்பறார்... அட, சத்தத்தை நிறுத்திட்டார்! எனக்கு இரைச்சல் பிடிக்காதுன்னு தெரியும்ல அவருக்கு. எவ்வளவு அழகா, சத்தமே இல்லாம எறங்கி வர்றார். இதோ, காதுல வெச்சுட்டேன். ஏதோ கத்தினீங்களே, என்ன சொன்னீங்க?

— நான் பொய் சொல்லலம்மா.