உரம் விழுந்த குழந்தை

கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் பதற வேண்டியதில்லை. இருபத்து மூன்று வருடங்களாக பீடோங் பக்கத்துத் தோட்டத் தாய்மார்களிடம் இதைத்தான் சொல்லிவருகிறேன். கிளினிக்கில் நான் தாதி. மிஸ்ஸி நவமணி என்றால் எல்லாருக்கும் தெரியும். என் தம்பி மனைவி காஞ்சனாவிடமும் அதையே சொன்னேன். அவள் நம்பினாள்.

அவள் குழந்தைக்கு அப்போது பதினெட்டு நாள். பிரசவமான வீடுகளுக்குத் தாதி போய்ப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்குப் போகும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். குழந்தையின் மூக்கில் வடிந்த சளியில் லேசாக இரத்தம் கலந்திருந்தது. உள்ளங்கால்கள் செம்பு நிறமாகித் தோல் உரிந்துகொண்டிருந்தது. இடது கை அசையவில்லை.

"அண்ணி, கையத் தூக்கவே மாட்டேங்குது. தொட்டாலே அலறுது. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றாள்.

"உரம் விழுந்திருக்குலா. இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? காளியம்மாவ வரச் சொல்றேன்."

காளியம்மா தோட்டத்தில் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறவர். சுளுக்குப் பிடித்த குழந்தைக்கு உரம் எடுப்பதில் கைராசிக்காரர். ஒரு சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, குழந்தையை நடுவில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டினோம். ஒரு முனை என் கையில்தான் இருந்தது. குழந்தை வீறிட்டது. அது உரமில்லை என்று எனக்குத் தெரியும். தாயிடமிருந்து சிஃபிலிஸ் தொற்றிய குழந்தைக்கு எலும்பு நோகும். அந்த வலியில்தான் கையைத் தொங்கவிடும்.

நோயைக் கொண்டுவந்தவன் என் தம்பி திவாகரன். தாய்லாந்து எல்லை வரை லோரி ஓட்டுகிறான். காஞ்சனாவுக்கு ஆறாம் மாதம் நடந்தபோது என்னிடம் வந்து அழுதான். சுங்கை பட்டாணியில் எங்களைத் தெரியாத ஒரு டாக்டரிடம் அனுப்பி ஊசி போடவைத்தேன். மனைவியையும் அழைத்துவரும்படி டாக்டர் சொன்னாராம். அவன் அழைத்துப்போகவில்லை. மூன்றாம் மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் காஞ்சனாவுக்கு ஒன்றுமில்லை என்று வந்திருந்ததால், மறுபடி எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் நான். விஷயம் தெரிந்தால் காஞ்சனா யான் ஊரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். தோட்டமே வாய் வலிக்கப் பேசும். முப்பதாம் நாள் பெயர் வைக்க ஊரையே அழைத்திருந்தோம். அது நல்லபடியாக முடியட்டும் என்று நினைத்தேன். ஒரு மாதத்துத் தடுப்பூசியையும், சளி குறையட்டும் என்று தள்ளிவைத்தேன். குழந்தையின் கிளினிக் புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் 'நலம்' என்றே எழுதினேன்.

முப்பத்திரண்டாம் நாள் காலையில் காஞ்சனா எனக்குத் தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பெயர் வைத்த அன்று என் கையால் அவளுக்குச் சோறு பரிமாறியிருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வயிறெரிந்தது.

திவாகரன் அவளைவிட மோசம். டாக்டர்கள் கேட்டதும், "எனக்கு ஒன்னும் தெரியாது. அவகிட்ட சொல்லவே கூடாதுன்னு அக்காதான் சொன்னாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டான். நான் அப்படிச் சொன்னது உண்மைதான். அதற்காக, தூக்கி வளர்த்தவளை இப்படியா காட்டிக்கொடுப்பது? இந்த விவகாரத்தில் எனக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

சேர்த்த நான்காம் நாள் குழந்தை இறந்துவிட்டது. முதலிலேயே பத்து நாள் பெனிசிலின் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. இதை மறுக்க மாட்டேன்.

எனக்குத் தொழிலே தெரியாது என்று காஞ்சனா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். அது அநியாயம். ஆஸ்பத்திரியில் அவ்வளவு பெரிய டாக்டர்களுக்கே இன்ன நோய் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. நான் துணியை விலக்கிப் பாதத்தைப் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் விசாரணை அறிக்கையில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.